பிறந்தகம் திரும்பிய இரசிகர்கள்

ஜப்பானிய மொழியில் 'தேமோதொரி' என்றொரு சொல் உண்டு. மணமுறிவு நேர்ந்து, கணவன் வீட்டை விட்டுப் பிறந்தகத்திற்கே திரும்பிவிட்ட பெண்ணை அந்நாட்டார் அச்சொல்லால் குறித்து வந்தனர். அத்தகைய பெண்ணைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்களில் குரலில் ஏறுமே, இரக்கமும் ஏளனமும் கலந்த ஒரு தொனி, அது அச்சொல்லிலும் உண்டு. இன்று வேறொரு சாரார் அதே சொல்லைச் சற்று நகைப்போடு தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்கின்றனர். இளமையில் விரும்பிப் பார்த்த சித்திரத் தொடர்களைப் படிப்பு, வேலை, குடும்பம் ஆகிய காரணங்களால் கைவிட்டு, பத்து, இருபது, ஏன், முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அவற்றின் முன் வந்து அமர்ந்தவர்களே அவர்கள்.

இச்சித்திரப் படங்களுக்கு 'அனிமே' என்று பெயர். 'அனிமேஷன்' என்னும் சொல்லை ஜப்பானியர் தம் நாவுக்கேற்பச் சுருக்கிக்கொண்டதே இது. பெயரளவில் பொம்மைப் படமாயினும், போர், பசி, மரணம், பிரிவு, மன்னிப்பு என மனித வாழ்வின் கனமான பொருள்களையெல்லாம் அவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசி வந்துள்ளன. இன்று இவை ஜப்பானுக்கு மட்டும் உரியனவல்ல. நம் இல்லங்களிலும் ஓர் அறைக் கதவுக்குப் பின்னால், கைப்பேசியின் சிறு வெளிச்சத்தில், இப்படங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பார்ப்பவர் பத்து வயதுச் சிறுவர் மட்டுமல்லர். வேலைக்குச் செல்லும் மகன், மணமான மகள், பிள்ளை பெற்ற தந்தை ஆகியோரும் பார்க்கின்றனர். "இந்த வயதில் இன்னுமா பொம்மைப் படம்?" என்னும் கேள்வியும் கூடவே எழுகின்றது. அக்கேள்விக்கு நேர்மையான விடை காண்பது குடும்பங்களுக்கு நன்மை பயக்கும்.

விலகியது ஏன்?

1963-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஒசாமு தெசுகா என்னும் ஓவியர் உருவாக்கிய இயந்திரச் சிறுவனின் கதை ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'அணுச் சிறுவன்' என நாம் அழைக்கத்தக்க அத்தொடர் 1966-ஆம் ஆண்டின் இறுதி வரை, வாரந்தோறும் அரை மணி நேரம், 193 பகுதிகள் ஓடிற்று. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படங்களைக் காட்டுவது. அத்தனையும் வரைய ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரே ஓவியத்தை மும்முறை காட்டி, நொடிக்கு எட்டு ஓவியங்களில் வேலையை முடிக்கும் சிக்கன முறை வழக்கிற்கு வந்தது. அசைவு குறைந்த இடத்தை ஈடுகட்டக் கதையும் முகபாவமும் வலுப்பெற்றன. வறுமை ஒரு கலைக்குத் தனி இலக்கணம் வகுத்துக் கொடுத்தது எனலாம்.

அக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தொடர் பார்ப்பது நேரம் தவறாத ஒரு கடமையைப் போன்றது. வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத நாள்களில், ஞாயிறு மாலை அந்த அரைமணியைத் தவறவிட்டவர் தவறவிட்டவரே. ஆகவே குடும்பம் முழுவதும் ஒரே பெட்டியின் முன் கூடிற்று. பின்னர் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வந்தது. அதன்பின் பல்கலைக்கழகத் தேர்வு, அதன்பின் இரவு வெகுநேரம் வரை நீளும் அலுவலகப் பணி. விலகுதல் இயல்பாகவே நடந்தேறியது.

வெட்கத்தினால் விலகியவரும் உண்டு. 'ஒட்டாகு' என்னும் சொல்லை வாசகர் சிலர் கேட்டிருக்கலாம். 'தங்கள் இல்லம்' என்பதே அதன் நேர்ப்பொருள். மரியாதையோடு ஒருவரை விளிக்கவும் அது பயன்பட்டது. படங்களில் மூழ்கிய இளைஞர் ஒருவரையொருவர் அவ்வாறு விளித்துக்கொண்டதால், 1980-களில் அவர்களுக்கே அது பெயராயிற்று. 1989-இல் சிறுமியரைக் கொன்ற கொடியவன் ஒருவன் பிடிபட்டபோது, அவன் அறையில் ஆயிரக்கணக்கான ஒளிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் சித்திரப் படங்களும் இருந்தமையால், அச்சொல்லே வசைச்சொல் ஆகிவிட்டது. ஒருவன் செய்த பாதகத்திற்காக ஒரு தலைமுறையே தன் விருப்பத்தை மறைத்துக்கொண்டது. பலர் தம் நாடாக்களையும் நூல்களையும் பெட்டியில் இட்டு மூடினர். மரியாதை விளியாக இருந்த ஒரு சொல், இல்லங்களின் கதவுகளை உள்ளிருந்து தாழிடச் செய்தது விந்தையன்றோ!

திரும்புவது ஏன்?

திரும்புவோரை அழைத்து வருபவை பெரும்பாலும் நான்கு.

முதலாவது, வீட்டில் பிறக்கும் குழந்தை. ஜப்பானியக் குழந்தை முதலில் அறிந்துகொள்ளும் சித்திர வீரர்களுள் ஒருவன் 'அன்பான்மான்'. இனிப்புப் பயறு வைத்துச் சுட்ட ரொட்டியே அவன் தலை. பசித்தவரைக் கண்டால் தன் தலையைப் பிய்த்து உண்ணக் கொடுப்பான். இதனைப் படைத்த தகாஷி யானசே, போர்வீரராகச் சீனத்திற்கு அனுப்பப்பட்டுப் பசியின் கொடுமையை அறிந்தவர். போரில் தம் இளவலையும் இழந்தவர். நீதி என்பது நாடுக்கு நாடு மாறும், ஆனால் பசித்தவனுக்கு உணவளிப்பது எங்கும் மாறாத நீதி என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1973-இல் படநூலாக வந்த கதை, 1988-இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. அப்போது அவருக்கு வயது 69. அதைக் குழந்தையாய்ப் பார்த்தவர்கள் இன்று தம் குழந்தையை மடியில் இருத்திப் பார்க்கின்றனர். தன்னையே உணவாகப் பிட்டுத் தரும் ஒருவரின் கதையை, அப்பம் பிட்கும் திருமேசையைச் சுற்றி வளரும் நம் பிள்ளைகளுக்கு விளக்க அதிகச் சொற்கள் வேண்டியதில்லை.

இரண்டாவது, முடியாமல் நின்ற கதை. 'ஸ்லாம் டங்க்' என்னும் கூடைப்பந்துத் தொடர் 1993 முதல் 1996 வரை 101 பகுதிகள் ஓடி, அச்சில் வந்த மூலக்கதையின் மாபெரும் இறுதிப் போட்டியைக் காட்டாமலேயே நின்றுவிட்டது. சிறுவர் வளர்ந்தனர், தலை நரைக்கத் தொடங்கிற்று. 2022 டிசம்பர் 3 அன்று, மூல ஓவியரான தகேஹிகோ இனோவே தாமே இயக்கிய திரைப்படம் அப்போட்டியைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் மட்டும் 1500 கோடி யென்னுக்கு மேல் வசூலாயிற்று. கொரியாவிலும் முப்பது, நாற்பது வயதினர் திரையரங்குகளை நிறைத்தனர். 1995-இல் தொடங்கிய 'எவாஞ்செலியன்' தொடரும் அத்தகையதே. அதன் புதிய திரை வடிவம் 2007-இல் தொடங்கி, 2021 மார்ச் 8 அன்றுதான் நிறைவுற்றது. பதினான்கு வயதில் பார்த்தவர் நாற்பதில் முடிவு கண்டார்.

மூன்றாவது, வாழ்வில் நேரும் இடைநிறுத்தம். நோய், வேலையிழப்பு, துக்கம், தனிமை ஆகியவை மனிதனைப் பழைய விருப்பங்களிடம் திருப்பி அனுப்புகின்றன. 2020-இல் பெருந்தொற்று உலகை வீட்டுக்குள் அடைத்தபோது இதனை எல்லாரும் கண்டோம். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான 'டீமன் ஸ்லேயர்' தொடரின் 'முகேன் ரயில்' படம், அதுவரை முதலிடத்திலிருந்த மியாசாக்கியின் 'ஸ்பிரிட்டட் அவே'யை முந்தி, ஜப்பானில் 4000 கோடி யென் வசூலித்தது.

நான்காவது, எளிதில் கிடைத்தல். ஒரு காலத்தில் தேடியலைந்து பெற்ற படங்கள் இன்று இணையத்தின் வழியே விரல் நுனியில் வந்து நிற்கின்றன.

இவை அனைத்திற்கும் அடியில் வேறொரு காரணமும் உள்ளது. 1973-இல் ஜப்பானில் ஏறத்தாழ 20.9 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024-இல் பிறந்தவை 6.86 இலட்சம் மட்டுமே. பார்க்கும் பிள்ளைகள் குறைந்த நாட்டில், பிள்ளைகளாய் இருந்தவர்களை மீண்டும் அழைக்க வேண்டிய தேவை தயாரிப்பாளருக்கு எழுகின்றது. 2023-இல் அனிமே தொழிலின் மொத்தச் சந்தை 3 இலட்சம் கோடி யென்னைத் தாண்டிற்று. அதில் பாதிக்குச் சற்று மேற்பட்டது வெளிநாடுகளிலிருந்து வந்தது. ஆகவே பழைய நினைவு என்பது உள்ளத்தின் பொருள் மட்டுமன்று, வணிகப் பொருளுங்கூட. திரும்புவோர் இதனை அறிந்து திரும்புதல் நன்று.

மாறியவை

நெடுநாள் கழித்து ஊர் திரும்புபவன் முதலில் காண்பது மாற்றங்களையே. அன்று ஒரு தொடர் 52 வாரங்கள், ஓராண்டு முழுவதும் ஓடும். இன்றைய தொடர் பெரும்பாலும் 12 அல்லது 13 பகுதிகளில் முடிகின்றது. அன்று குடும்பம் கூடும் மாலையில் ஒளிபரப்பானவை, இன்று பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் வருகின்றன. ஆண்டொன்றுக்கு 200-க்கு மேற்பட்ட தொடர்கள் வெளிவருவதால், எதைப் பார்ப்பது என்பதே பெருங்கேள்வி. கண்ணாடித் தாளில் கையால் வண்ணம் தீட்டும் முறை மறைந்து, கணினி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 1969 அக்டோபரில் தொடங்கி அரை நூற்றாண்டைக் கடந்து ஞாயிறு மாலைகளில் ஓடும் 'சாசாயே-சான்' என்னும் குடும்பத் தொடரே 2013 வரை பழைய முறையைக் காத்து நின்றது. அத்தொடர் முடியும் இசையைக் கேட்டதும், 'நாளை திங்கள் ஆயிற்றே!' என்று மனம் சோர்வதை 'சாசாயே-சான் நோய்' என்று ஜப்பானியர் வேடிக்கையாகக் கூறுவர்.

குரல்களும் மாறின. 'டோரேமான்' என்னும் நீலப் பூனைக்கு 1979 முதல் 2005 வரை 26 ஆண்டுகள் குரல் தந்தவர் நொபுயோ ஓயாமா அம்மையார். முதுமையில் மறதி நோயுற்று, 2024-இல் தம் 90-ஆம் வயதில் மறைந்தார். தலைமுறையொன்றின் பிள்ளைப் பருவம் முழுவதும் ஒலித்த குரல், தன் நினைவையே இழந்து அடங்கியது. 'ஸ்லாம் டங்க்' படத்திலும் பழைய குரல்களுக்குப் பதிலாகப் புதியவர் பேசுவர் என்று அறிவித்தபோது, இரசிகர் பலர் சினமுற்றனர். படம் பார்த்த பின் அவருள் பலர் அமைதியுற்றனர். வீடு அதே வீடு. அடுப்படியில் நிற்பவர் மட்டும் வேறொருவர். இவ்வனுபவம் நம் இல்லங்களுக்கும் புதிதன்று.

கண்கள் மாறின

இம்மாற்றங்களைவிடப் பெரியது ஒன்றுண்டு. படம் சிறிதும் மாறாதிருக்க, பார்ப்பவர் மாறிவிடுகின்றார். திரும்பிப் பார்த்தலின் உண்மைப் பயன் இங்கேதான் உள்ளது.

1976-இல் இசாவோ தகஹாதா இயக்கிய 52 பகுதித் தொடர் ஒன்று, இத்தாலிய எழுத்தாளர் எத்மோந்தோ தெ அமிச்சிஸ் எழுதிய கதையைத் தழுவியது. ஜெனோவா நகரச் சிறுவன் மார்க்கோ, வீட்டு வேலைக்காக அர்ஜென்டினா சென்று செய்தியற்றுப் போன தன் தாயைத் தேடிக் கடல் கடக்கின்றான். சிறுவயதில் இதனைப் பார்ப்பவர் மார்க்கோவின் கப்பலையும், அவன் படும் துன்பத்தையும் பார்க்கின்றனர். தாயான பின் பார்ப்பவள், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டு, தன் பிள்ளையை எண்ணி நோயுற்றுக் கிடக்கும் அந்த அன்னையைப் பார்க்கின்றாள். வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணிக்குச் சென்ற அன்னையரின் பிள்ளைகள் நம் பங்குகளில் இல்லையா? பாட்டியிடம் வளரும் அப்பிள்ளைகளுக்கு இக்கதை பொம்மைக் கதையாகத் தோன்றுமா?

1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் இரண்டு படங்கள் இணைந்து வெளியாயின. ஒன்று ஹயாவோ மியாசாக்கியின் 'என் அண்டை வீட்டுத் தொதொரோ'. மற்றொன்று தகஹாதாவின் 'மின்மினிகளின் கல்லறை'. தொதொரோவைப் பார்க்கும் குழந்தை, காட்டில் வாழும் அந்தப் பஞ்சுபோன்ற பேருருவைக் கண்டு குதிக்கின்றது. வளர்ந்தவர் கண்ணுக்கோ, மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருக்கும் தாயும், இரு பெண்மக்களையும் தனியே கவனிக்கும் தந்தையும், அழுகையை அடக்கிக்கொண்டு தங்கைக்கு உணவு கட்டித்தரும் மூத்தவளும் முன்னே வந்து நிற்கின்றனர். மியாசாக்கியின் தாயாரும் காசநோயினால் பல்லாண்டு படுக்கையில் இருந்தவர் என்று அறியும்போது, அப்படத்தின் பசுமைக்குள் ஒளிந்திருக்கும் அச்சம் புரிகின்றது.

மற்றப் படமோ 1945-இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபின் அனாதைகளாகும் அண்ணன் தங்கையின் கதை. இதனை எழுதிய அக்கியூக்கி நொசாகா, அவ்வாண்டு பசியால் இறந்த தம் தங்கையை எண்ணி, ஆறாத மனச்சுமையோடு 1967-இல் எழுதினார். இயக்கிய தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகாயாமா நகரக் குண்டுவீச்சிலிருந்து உயிர்தப்பியவர். இளமையில் இப்படத்தைப் பார்ப்பவர், அடைக்கலம் தந்த உறவுக்காரப் பெண்ணின் கடுஞ்சொல்லை வெறுத்து, வீட்டை விட்டு வெளியேறும் அண்ணன் பக்கமே நிற்பர். இருபது ஆண்டு கழித்துப் பார்க்கும்போது வேறு கேள்விகள் எழுகின்றன. பங்கீட்டு அரிசியில் எத்தனை வாய்க்கு அவளால் உணவிட முடியும்? பதினான்கு வயதுச் சிறுவனின் தன்மானத்திற்கு அச்சிறுமியின் உயிர் விலையாகலாமா? குளக்கரைக் குழியில் இரு பிள்ளைகள் வாழ்வதைக் கண்டும் கடந்துபோன அயலார் யார்? சினம் தணிந்து, துயரம் பெருகுகின்றது. ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கி அமைதி கொள்ள முடியாத நிலைக்குப் பார்ப்பவர் வந்துசேர்கின்றார். இதுவே முதிர்ச்சியின் அடையாளம்.

பேராலயத்தில் முடிந்த பயணம்

கத்தோலிக்க வாசகர்களுக்குத் தனி ஆர்வமூட்டும் தொடர் ஒன்றுண்டு. 1872-இல் ஊய்தா என்னும் புனைபெயருடைய ஆங்கில எழுத்தாளர் எழுதிய 'பிளாண்டர்ஸ் நாட்டு நாய்' என்னும் கதை, 1975-இல் ஜப்பானில் 52 பகுதித் தொடராக வந்தது. பால் வண்டி இழுத்துப் பிழைக்கும் ஏழைச் சிறுவன் நெல்லோ, ஓவியர் ஆக விரும்புகின்றான். அன்ட்வெர்ப் நகரின் நம் அன்னை பேராலயத்தில் ரூபென்ஸ் தீட்டிய, சிலுவையில் ஏற்றப்படும் இயேசுவையும், சிலுவையினின்று இறக்கப்படும் இயேசுவையும் காண ஏங்குகின்றான். திரை போர்த்திய அவ்வோவியங்களைக் காணக் காசு வேண்டும், அவனிடம் இல்லை. தீ வைத்தான் என்று பொய்ப் பழி சுமந்து, வீடிழந்து, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின இரவில் அவன் பேராலயத்தினுள் செல்கின்றான். ஓவியங்களைக் கண்குளிரக் காண்கின்றான். தன் நாயை அணைத்தபடியே குளிரில் உயிர்விடுகின்றான்.

மக்கள்தொகையில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே உள்ள நாட்டில், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இதனைப் பார்த்து அழுதனர். பெல்ஜியத்தில் அவ்வளவாக அறியப்படாத அக்கதையைத் தேடி, வளர்ந்த பின் அவர்கள் அன்ட்வெர்ப் நகருக்குச் சென்றபோது, நகரத்தார் வியந்தனர். 2016-இல் அப்பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், வீதிக் கற்களையே போர்வையாகப் போர்த்தி உறங்கும் சிறுவனும் நாயுமாக ஒரு வெண்சிலை நிறுவப்பட்டது. சிறுவயதில் அவர்கள் நாய்க்காக அழுதிருப்பார்கள். ஐம்பது வயதில் அங்கு நிற்பவர் மனத்தில் வேறொரு கேள்வி எழாதிருக்குமா? விளக்கேற்றி விழாக் கொண்டாடிய அவ்வூரில், ஒரு கதவு கூட அச்சிறுவனுக்குத் திறக்கவில்லையே, ஏன்?

இதே தகஹாதா 1974-இல் இயக்கிய 'ஹைடி' தொடரும் நினைவுகூரத்தக்கது. சுவிட்சர்லாந்து மலையில் ஊரை வெறுத்துத் தனித்து வாழும் முதியவரிடம் பேத்தி வந்து சேர்கின்றாள். யோகன்னா ஸ்பீரியின் மூலநூலில், ஊதாரி மைந்தன் உவமையைப் பேத்தி வாசிக்கக் கேட்டு மனம் நெகிழும் அம்முதியவர், மறுநாள் அவள் கைபிடித்து ஆலயத்திற்கு இறங்கி வருகின்றார். ஜப்பானியத் தொடர் சமயச் செய்திகளைக் குறைத்துக்கொண்டது. ஆயினும் பிரிந்தவர் திரும்பும் மகிழ்ச்சியை அது கைவிடவில்லை. பிள்ளைகள் பார்ப்பது ஆட்டுக்குட்டிகளை. பாட்டனாரானவர் பார்ப்பது அம்முதியவரை.

எச்சரிக்கையும் வேண்டும்

திரும்புதல் எல்லாம் நன்மையே என்று கூறிவிட இயலாது. 1999-இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' என்னும் தொடர் 1100 பகுதிகளைக் கடந்தது. பகுதிக்கு 24 நிமிடம் எனக் கொண்டால் 440 மணி நேரம் ஆகின்றது. நாளுக்கு ஒரு மணி நேரம் செலவிடுபவருக்கே பதினான்கு மாதங்களுக்கு மேல் பிடிக்கும். இரவெல்லாம் விழித்து அதனை ஒரே மாதத்தில் முடிக்க முயல்பவர் எதையெதை இழப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேலும், அனிமே என்பது ஒரு வகையின் பெயரேயன்றி ஒரு தரத்தின் பெயரன்று. குழந்தைகளுக்குரியதும், முதிர்ந்தோர் மட்டும் பார்க்கத்தக்கதும், எவரும் பார்க்கத் தகாததும் அப்பெயரிலேயே உலவுகின்றன. சித்திரம் என்ற ஒரே காரணத்தால் சிறுவர் கையில் கொடுத்துவிடுதல் கூடாது.

தனிமை இன்னொரு கவலை. 2023-இல் ஜப்பான் அரசு வெளியிட்ட கணிப்பின்படி, 15 முதல் 64 வயது வரையினருள் ஏறத்தாழ 14.6 இலட்சம் பேர் சமூகத்திலிருந்து ஒதுங்கி வீட்டுக்குள் அடைந்து வாழ்கின்றனர். இதற்குச் சித்திரப் படமே காரணம் என்று பழி கூறுவது நீதியாகாது. வேலையிழப்பும், நோயும், மனித உறவுகளில் பட்ட காயங்களுமே பலரை அந்நிலைக்குத் தள்ளின. எனினும், காயம்பட்டவன் ஒளிந்துகொள்ளும் இடமாகத் திரை அமைந்துவிடக் கூடும். அவ்வேளையில் திரையை அணைப்பதால் மட்டும் காயம் ஆறிவிடாது.

இப்படங்களை வரைவோரையும் நாம் மறத்தலாகாது. குறைந்த ஊதியத்தில் நெடுநேரம் உழைக்கும் இளைஞர்கள் அவர்கள். 2019 சூலை 18 அன்று கியோத்தோ நகரில், எளிய மாந்தரின் அன்றாட வாழ்வைக் கனிவோடு வரைந்து வந்த ஒரு நிறுவனத்தின் கட்டடத்திற்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் மாண்டனர். 30-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். படத்தின் இறுதியில் பெயர்கள் ஓடும்போது சற்று நின்று வாசிக்கும் பழக்கம், அதன்பின் பலருக்கு ஏற்பட்டது. எந்தப் பொழுதுபோக்கும் மனிதக் கைகளால் ஆனதே.

நம் இல்லங்களுக்கு

நம் நாட்டிலும் ஒரு தலைமுறை இதே வழியில் நிற்கின்றது. 1990-களின் முற்பகுதியில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மௌக்லி' கதை, இந்தியக் காட்டைப் பற்றியதாயினும், 1989-இல் ஜப்பானியர் வரைந்த 52 பகுதித் தொடரே. அன்று தரையில் அமர்ந்து அதனைப் பார்த்த சிறுவர் இன்று நாற்பதைக் கடந்த பெற்றோர். யூகோ சாகோ என்னும் ஜப்பானியரும் நம் நாட்டு ராம் மோகனும் இணைந்து 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இராமாயணச் சித்திரப்படம், 2025 சனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் திரையரங்குகளுக்கு வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழ் பேசி வந்தது. ஆகவே பிறந்தகம் திரும்புதல் இனி நம் குடும்பங்களிலும் நிகழும்.

அந்நிலையில் வீட்டார் செய்யத்தக்கவை சில. முதலாவதாக, ஏளனத்தை விடுக. 'பொம்மைப் படம்' என்னும் ஒரு சொல்லால் மூடப்பட்ட கதவுகள் பல. இரண்டாவதாக, கேளுங்கள். "இந்தக் கதையில் உனக்குப் பிடித்தவர் யார்? ஏன்?" என்று கேட்கும் தாய்க்கு, மகன் நேரே சொல்லத் தயங்கும் செய்திகள் கதைமாந்தர் வாயிலாக வந்து சேரும். தனித்து நிற்பவனைப் பிடிக்கும் என்பவன் தன் தனிமையைச் சொல்கின்றான். மூன்றாவதாக, முடிவுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் படமோ, ஐந்து மணி நேரத்தில் முடியும் 12 பகுதித் தொடரோ குடும்பமாய்ப் பார்க்க ஏற்றவை. நான்காவதாக, வாரம் ஒருமுறை என வரையறுத்துக்கொள்ளுங்கள். காத்திருந்து பார்த்ததே நெஞ்சில் தங்கும். ஐந்தாவதாக, படம் முடிந்ததும் விளக்கை ஏற்றிப் பேசுங்கள். மார்க்கோவின் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கும் குடும்பம், தொலைநாட்டில் உழைக்கும் தன் அன்னைக்கு அன்றிரவே ஒருமுறை தொலைபேசியில் பேசினால், அதைவிட நற்பயன் வேறென்ன வேண்டும்?

திரும்பி வருபவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. இப்படம் என்னை என் வீட்டாரிடம் கொண்டு சேர்க்கின்றதா, அவர்களிடமிருந்து ஒளித்து வைக்கின்றதா? சேர்க்கின்றது எனில், வயது எதுவாயினும் தயங்க வேண்டியதில்லை. ஒளிக்கின்றது எனில், இளமையில் பார்த்த மிகச் சிறந்த படமேயாயினும் சற்று நிறுத்தி வைத்தல் நலம்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. அறைக் கதவுக்குப் பின் வெளிச்சம் தெரியும்போது, வெளியே நின்று கேலி பேசுவதைவிட, மெல்லத் தட்டி, "நானும் பார்க்கலாமா?" என்று கேட்டு அருகில் அமர்வது சிறந்தது. கதை புரியாவிடினும் குறையில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கின்றார் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.